கல் கேட்டால் சொல்கிறேன்: நீலக்கல் கேள்விகள்

நீலக்கல்லைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்ததும் வந்த கடிதங்களில் பாதி சனீஸ்வரனைப் பற்றியவை. நான் ஜோசியன் இல்லை. மண்ணடியில் கல் வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது, பூர்வீகம் கீழக்கரை. வாப்பா இலங்கைக்குப் போய்க் கல் எடுத்து வந்தார், அதையே நானும் செய்கிறேன். என் விரலில் கிடப்பது வெள்ளியில் கட்டிய சிவப்பு அகீக். ஆகவே நீலம் யோகமா, தோஷமா என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. கையில் இருப்பது கல்லா, கண்ணாடியா என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஏழரைச் சனி. ஜோசியர் ஐந்து ரத்தியில் நீலம் போடச் சொன்னார். என் நாத்தனாரோ நீலம் ஆளையே கவிழ்த்துவிடும் என்கிறாள். மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்கிறார்களே, கடையில் அப்படித் தருவார்களா? (வாசகி, தண்டையார்பேட்டை)

தருவார்கள் சகோதரி. மாணிக்கத்துக்கோ மரகதத்துக்கோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. நீலத்துக்கு மட்டும் இது பழைய வழக்கம். முன்பணம் வாங்கிக்கொண்டு கல்லைக் கொடுத்துவிடுவோம். நீலத் துணியில் முடிந்து தலைமாட்டில் வைப்பார்கள், சிலர் புஜத்தில் கட்டிக்கொள்வார்கள். கெட்ட கனவு வந்தால் கல் திரும்பி வரும். ஒரு மழைக்காலத்தில் வியாசர்பாடிக்காரர் ஒருவர், கல் வந்த இரவே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் புகுவதற்கு நீலம் எதற்கு என்று நான் வாதாடவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதே கல்லை அப்புறம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் வாங்கிப் போனார். அவர் இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

இந்தப் பயம் எல்லா ஊரிலும் இல்லை. ஐரோப்பாவில் பாதிரிமார்கள் இதை வானத்தின் நிறம் என்று மோதிரத்தில் பதித்துப் போட்டார்கள். 1981-இல் பிரிட்டிஷ் இளவரசி டயானா போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தில் இருந்தது 12 கேரட் இலங்கை நீலம். அவர் கதையைச் சொல்லி, 'பார்த்தீர்களா, நீலம் என்ன செய்தது!' என்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதே மோதிரம் 2010-இலிருந்து அவருடைய மருமகள் விரலில் இருப்பதை அவர்கள் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த 'ஐந்து ரத்தி'தான். பத்தர்களின் பழைய கணக்கில் ஒரு ரத்தி சுமார் 0.12 கிராம். வடக்கே ராசிக்கல் விற்பவர்கள் சொல்லும் ரத்தி சுமார் 0.18 கிராம். ஒன்றில் உங்களுக்கு வருவது மூன்று கேரட், மற்றதில் நாலரை கேரட். கேரட் என்றால் எங்கே போனாலும் 200 மில்லிகிராம்தான், அதில் குழப்பம் இல்லை. கல் பெரிதாகப் பெரிதாக மொத்த விலையோடு ஒரு கேரட்டின் விலையும் ஏறும். அதனால் ஜோசியரிடமே கேரட்டில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குறைந்த எடையில் நல்ல கல் போதுமா என்றும் கேளுங்கள். பாதிப் பேர் போதும் என்பார்கள்.

பார்வைக்குக் கல்லை எடுத்துப் போகும்போது எடையைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரைக்கும், நீள அகலத்தை மில்லிமீட்டரிலும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னாலேயே போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை கல் மாறிவிட்டது என்று இரு தரப்பிலும் பேச்சு வராது. இன்னொன்று, வட்டிக்கு வாங்கி நீலம் போடாதீர்கள். சனி ஏழரை வருஷத்தில் போய்விடுவார், கந்துவட்டிக்காரர் போகமாட்டார்.

கேள்வி: இணையத்தில் எட்டு கேரட் நீலக்கல் 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அழுக்கு, கீறல் எதுவும் இல்லாமல் ஒரே சீரான கருநீலம். சான்றிதழும் கூட வந்தது. பாலில் போட்டேன், பால் நீலமாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கீறினால் கீறுகிறது. அசல்தானே? (வாசகர், ராயபுரம்)

தம்பி, விலையைப் படித்ததுமே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் செய்த சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பால் சோதனை பழைய இரத்தின நூல்களிலேயே இருக்கிறது. பாலையே நீலமாக்கும் கல்தான் உயர்ந்த இந்திரநீலம் என்பது ஐதிகம். ஆனால் ஒளி ஊடுருவும் நீலப் பொருள் எதை வெள்ளைப் பாலில் போட்டாலும் அதன் சாயை பாலில் தெரியத்தான் செய்யும். நீல மருந்து பாட்டிலின் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இந்திரநீலம் ஆகிவிடும். கண்ணாடியைக் கீறுவதும் அப்படித்தான். சாதாரணப் படிகக்கல்லே கண்ணாடியைக் கீறும். ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு: கல்லின் மேல் ஊதினால் படியும் ஆவி, நீலத்தில் சட்டென்று விலகும், கண்ணாடியில் கொஞ்சம் நிற்கும். கண்ணாடியைக் கழிக்க அது உதவும், அவ்வளவுதான்.

ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது கண்ணாடியாக இல்லாமலும் இருக்கலாம். பிரான்சில் வெர்னாய் என்ற வேதியியல்காரர், அலுமினாத் தூளைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகக் கல் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். முதலில் மாணிக்கம், சில வருஷங்களில் நீலமும் வந்துவிட்டது. இப்படி வளர்த்த நீலத்துக்கும் மண்ணில் எடுத்த நீலத்துக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் குருந்தம், அதாவது படிகமான அலுமினா. வைரத்தைப் பத்து என்று வைக்கும் அளவில் கடினம் 9, அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்கு, ஒளியை வளைப்பதும் ஒரே அளவு. அதனால் வீட்டில் செய்கிற எந்தச் சோதனையிலும் செயற்கைக் கல் பாஸாகிவிடும். திருச்சிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலை அருமையான வேலை. அதைச் செயற்கை என்று சொல்லி விற்றால் ஒரு குற்றமும் இல்லை.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் (கல் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி) ஒன்று வாங்குங்கள், அதிக விலை இல்லை. மண்ணில் விளைந்த நீலத்தில் நிறம் நேர்கோட்டுப் பட்டைகளாக, சில சமயம் அறுகோண மூலைபோல் மடங்கி ஓடும். மெல்லிய ஊசிகள் பின்னியது போல் ஒன்று தெரியும், வியாபாரிகள் அதைச் சில்க் என்பார்கள். தீச்சுடரில் வளர்த்த கல்லிலோ கோடுகள் வளைந்திருக்கும், குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ் தெரியும். கல்லைத் தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தால் கோடுகள் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு வகை இதைவிடத் தொல்லை. விரிசல் விழுந்த மட்டமான அசல் கல்லை எடுத்து, கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை விரிசல்களில் உருக்கி ஊற்றியிருப்பார்கள். மேலே அசல், உள்ளே கண்ணாடி. லூப்பில் ஆட்டிப் பார்த்தால் விரிசலை ஒட்டி நிறம் தேங்கியிருக்கும், அங்கங்கே குமிழ் இருக்கும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கத் தொடங்கிவிடும். பத்தர் பட்டறையில் திராவகத்தில் போட்டால் கதை முடிந்தது.

சான்றிதழில் 'இயற்கைக் குருந்தம்' என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணாடி ஊற்றியதும் அந்த வரியின் கீழ் வந்துவிடும். அதற்கு அடுத்து, கல்லுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதுதான் விலையைத் தீர்மானிக்கும் வரி. ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனம், ஜெய்ப்பூரின் ஐ.ஐ.ஜி.ஜே. லேபரட்டரி (முன்பு ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி) போன்ற இடங்களின் அறிக்கையில் அதைத் தெளிவாகப் போடுவார்கள். பெயர் தெரியாத பிளாஸ்டிக் அட்டையில் வருவது விசிட்டிங் கார்டுதான்.

கேள்வி: என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் வாங்கிய நீலத்தை மேலிருந்து பார்த்தால் நல்ல நீலம், பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளைக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. விசாரித்தால், 'சூடு போட்ட கல்தான், ஆனால் அசல்' என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா? (வாசகி, பெரம்பூர்)

ஏமாறவில்லை, தங்கச்சி. இலங்கைக் கல்லில் நிறம் பெரும்பாலும் ஒரு மூலையில் தேங்கியிருக்கும். பட்டை தீட்டுகிறவர் அந்த மூலை கல்லின் அடிநுனியில் வரும்படி வைத்து அறுப்பார். அங்கிருந்து நிறம் மேலே வீசி முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். நல்ல கைக்காரர் செய்த வேலை அது. மேலே பார்த்தால் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் வெளுப்பாகத் தெரிந்தால்தான் குறை.

சூடு போடுவது போலி வேலை அல்ல. மாணிக்கத்தில் இருக்கும் நீலச் சாயையைப் போக்க, ஊதுகுழல் வைத்துக் கரி நெருப்பில் சுடுவது இலங்கையில் ரொம்பப் பழைய வேலை. 1970-களில் அது வேறு மாதிரி ஆனது. பால் கலந்ததுபோல் மங்கலான கற்களை அங்கே கெவுடா என்பார்கள், அவற்றுக்கு மதிப்பே இல்லாமல் இருந்தது. தாய்லாந்து வியாபாரிகள் வந்து அவற்றைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். உலையில் 1,500 டிகிரிக்கு மேல் வைத்து எடுத்தால் உள்ளே ஊசிகளாக இருந்த டைட்டானியம் கரைந்து நிறத்தில் சேரும். மங்கல் போய் நீலம் வரும். விற்றவர்களுக்கு விஷயம் புரிவதற்குள் நல்ல சரக்கெல்லாம் கைமாறிவிட்டது. இலங்கையின் பேருவளை ஊரில் சீனன்கோட்டைக் கல் சந்தையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் வயசாளிகள் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய தலைமுறை அது.

சந்தையில் ஓடும் நீலத்தில் பெரும்பகுதி இன்று சூடு போட்டதுதான். நிறம் போகாது, பராமரிப்பிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் சூடு போடாத கல் அரிது, அதனால் விலை பல மடங்கு. ஜோசியர்களும் சூடு போடாததையே கேட்பார்கள். சூடு போட்டதைச் சூடு போடாததின் விலைக்கு விற்றால்தான் மோசடி. உங்கள் கடைக்காரர் கேட்டதும் சொல்லிவிட்டார். அதைப் பில்லில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், யாராவது 'காஷ்மீர் நீலம்' என்று காட்டினால் அவசரப்படாதீர்கள். 1880-களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் பகுதியில், மலைச்சரிவு ஒன்றுக்குப் பிறகு கிடைத்த கற்கள் அவை. நல்ல சரக்கு சில வருஷங்களிலேயே தீர்ந்துவிட்டது. அது சவுகார்பேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பத்தாயிரம் ரூபாய்க்குக் காத்திருக்காது.

கேள்வி: மீன் வியாபாரம். நாள் முழுக்க ஐஸும் உப்புத் தண்ணீரும்தான். நீல மோதிரம் கெட்டுப்போகுமா? (வாசகர், காசிமேடு)

கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளி கறுக்கும், அது உங்கள் ஊர்க் காற்றுக்கே கறுக்கும். ஆனால் வலைக் கயிற்றிலோ கூடைக் கம்பியிலோ மோதிரம் மாட்டினால் விரலுக்கு ஆபத்து. வேலை நேரத்தில் கழற்றி வையுங்கள். ஜோசியர் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தால் கழுத்தில் டாலராகப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாட்டியின் நீலக்கல் தோடு என்னிடம் வந்திருக்கிறது. பின்பக்கம் முழுக்க மூடியிருக்கிறது. கல் மங்கிக் கிடக்கிறது, திருகும் தேய்ந்துவிட்டது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டுப் பத்தரிடம் கொடுக்கலாமா? (வாசகி, மூலக்கொத்தளம்)

ஊறவைக்காதீர்கள்! நல்ல வேளை, முதலில் எழுதினீர்கள். பின்பக்கம் மூடிய பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள், வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்காக. தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும், அதன்பின் எவ்வளவு தேய்த்தாலும் கல்லில் களை வராது. இப்போது மங்கியிருப்பதே ஏற்கெனவே தண்ணீர் இறங்கியதால் இருக்கலாம். உலர்ந்த மெல்லிய துணியால் மேலே துடைத்துவிட்டு, கல் கட்டுகிறவரிடம் காட்டி, கல்லைக் கழற்றித் தகடு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

திருகு பற்றவைக்கும் வேலைக்குக் கல்லைக் கழற்றாமல் தோட்டைக் கொடுக்காதீர்கள். நீலம் 1,500 டிகிரி தாங்கும் என்று மேலே சொன்னேனே, பத்தரின் ஊதுகுழல் என்ன செய்துவிடும் என்று தோன்றும். உலையில் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பட்டறையில் ஒரு பக்கம் மட்டும் சுட்டு, உடனே தண்ணீரில் போடுவார்கள். கல்லுக்குள் சின்ன விரிசல் இருந்தால் படீரென்று விரியும். அதைவிட மோசம் வெங்காரம். பற்றவைக்கப் போடும் வெங்காரம் சூட்டில் நீலத்தின் மேல்பரப்பையே அரித்துவிடும். பட்டைகளின் மேல் தோல் உரிந்ததுபோல் ஆகிவிடும். மறுபடி தீட்டினால்தான் சரியாகும், எடையும் குறையும். எங்கள் பக்கம் பட்டறை ஒன்றில் அப்படி அரித்துப்போன நாலு கேரட் கல்லைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் வீட்டில் அது கல்யாணத்துக்கு எடுத்தது.

பின்பக்கம் திறந்த மோதிரம், கம்மலுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். விரலில் படும்படி கட்டிய ராசிக்கல் மோதிரத்தில் எண்ணெய், விபூதி, சந்தனம், மாவு எல்லாம் அடியில் போய் அப்பிக்கொள்ளும். கல் மங்கிவிட்டது என்று கொண்டுவருவதில் முக்கால்வாசி இந்த அழுக்குத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையோ மென்மையான சோப்போ போட்டு, குழந்தைகளின் டூத் பிரஷ்ஷால் பின்பக்கம் மெதுவாகத் தேய்த்தால் போதும். டூத் பேஸ்ட் வேண்டாம், கல்லுக்கு ஒன்றுமில்லை, தங்கத்தில் கீறல் விழும். கண்ணாடி ஊற்றிய கல் என்று சந்தேகம் இருந்தால் புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். கடையில் நகை கழுவ வைத்திருக்கும் அதிர்வுத் தொட்டியிலும் போடவிடாதீர்கள். வைரத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், வைரம் நீலத்தைக் கீறிவிடும். கல்லைப் பிடித்திருக்கும் கால்களில் நூல் மாட்டத் தொடங்கினால் அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

கேள்வி: நீலம் ஏன் நீலமாக இருக்கிறது? போன் கேமராவில் சஃபையர் என்று போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? (கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

சுத்தமான குருந்தத்துக்கு நிறமே இல்லை. அதில் இரும்பும் டைட்டானியமும் துளித்துளி கலந்திருந்தால், எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது சிவப்பு, மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு நீலம். இரும்பு மட்டும் என்றால் மஞ்சள் வரலாம். குரோமியம் கலந்தால் மாணிக்கம். ஆமாம், மாணிக்கமும் நீலமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கேமரா மூடியும் விலை கூடிய கைக்கடிகாரக் கண்ணாடியும் ஆலையில் வளர்த்த நிறமில்லாத குருந்தம். எளிதில் கீறல் விழாது என்பதால் போடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா வைத்திருந்த சாம்பல் நீலக் கல்லில் வெயிலில் ஆறு கதிர் நட்சத்திரம் தெரிகிறது. இதற்கு விலை உண்டா? (வாசகர், திருவொற்றியூர்)

உண்டு, நட்சத்திரம் அசலாக இருந்தால். முன்னால் சொன்ன அதே சில்க் ஊசிகள் மூன்று திசையில் அடர்ந்து கிடந்து, கல்லைக் குவிந்த மேடாக வழவழப்பாகத் தீட்டினால் ஆறு கதிர் எழும். போன் டார்ச்சை ஒரே வெளிச்சமாக வைத்துக் கல்லைச் சாய்த்துப் பாருங்கள். கதிர்கள் கூடவே நகர வேண்டும். கொஞ்சம் வளைந்தோ, ஒரு கால் மங்கியோ இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஓரம் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் கூர்மையாக இருந்து, அடிப்பாகமும் தட்டையாகப் பாலிஷ் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் லிண்டே நிறுவனம் 1947-இலிருந்தே நட்சத்திரக் கல்லைச் செயற்கையாகச் செய்து விற்றிருக்கிறது. ஆகவே தாத்தா காலத்துக் கல் என்பதாலேயே அசல் என்று ஆகாது. நிறம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். உலைச் சூட்டில் ஊசிகள் கரைந்தால் நட்சத்திரம் போய்விடும்.

நட்சத்திரக் கற்களில் பெயர் பெற்றது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. எடை 563 கேரட்டுக்கு மேல். பெயரில்தான் இந்தியா, கல் இலங்கையுடையது. 1964 அக்டோபரில் திருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஜனவரியில் மயாமி பஸ் நிலையத்து லாக்கரில் கிடைத்தது.

கேள்வி: பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய நீல மோதிரத்தை விற்கப் போனால் கல்லுக்கு ஒன்றும் தரமாட்டோம் என்கிறார்கள். நியாயமா? (வாசகி, எண்ணூர்)

தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை உண்டு, கல்லுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் விலை சொல்ல முடியும். நகைக்கடைக்காரருக்கு அதில் அக்கறை இல்லை, அவர் உருக்கப் போகிறவர். வாங்கிய கடையில் 'திரும்ப எடுப்போம்' என்று பில்லில் எழுதியிருந்தால் அங்கே போங்கள். எழுதாமல் வாயால் சொன்னது என்றால் பத்து வருஷத்துக்குப் பிறகு எடுபடாது. பில்லில் தங்கத்தின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடு போடாத நல்ல கல்லாக இருந்து லேப் அறிக்கையும் இருந்தால் கல் வியாபாரிகளிடம் நேரே காட்டுங்கள். நகைக்கடையில் கிடைக்காத விலை அங்கே கிடைக்கும்.

எதுவும் சரிப்படவில்லை, தங்கத்தை மட்டும் விற்கிறீர்கள் என்றால், எடை போடுவதற்கு முன் கல்லைக் கழற்றுவார்கள். கழற்றிய கல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் அதைக் கடைக்காரரின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.